பழ ஈ தாக்குதலைத் தடுக்கக் கைவிடப்பட்ட குத்தகைத் தோப்புகளைச் சுத்தம் செய்ய உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்: ஏரிக்கரைப் பகுதி மா விவசாயிகள்

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போச்சம்பள்ளியிலிருந்து சந்தூர் போகும் பக்கம் எங்கள் தோப்புகள். தாங்கள் அறிந்த இடம்தான். பழ ஈ தொல்லை பற்றிப் போன பருவத்திலும் மனு கொடுத்தோம், இந்தப் பருவம் தொடங்கும்போதும் கொடுத்தோம். ரசீது மட்டும் கையில் இருக்கிறது. ஆகவே மீண்டும் பணிவுடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1. மாவில் பெங்களூரா ரகம் ஓரளவு தப்பியது. அடி வாங்கியது பின்பருவ நீலம் ரகம். கோடை மழை விழுந்ததும் ஈ பெருகிவிட்டது.

2. பார்வைக்குக் காயில் பழுதே தெரியாது. தோலில் ஊசி குத்தியது போல் ஒரு புள்ளி, அமுக்கினால் ஒரு சொட்டு நீர் கசியும், அவ்வளவுதான். தோலுக்கடியில் ஈ வைத்த முட்டை இரண்டு மூன்று நாளில் புழுவாகிவிடுகிறது. இது தெரியாமல் பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் கொடுத்து மண்டிக்கு ஏற்றிப் போகிறோம். அங்கே வியாபாரி ஒரு பழத்தை எடுத்து அறுக்கிறார். கொட்டையைச் சுற்றிச் சதை கஞ்சியாகிக் கிடக்கிறது, வெள்ளைப் புழுக்கள் துள்ளி விழுகின்றன. அந்த ஒரு பழத்தோடு மொத்த லோடுக்கும் விலை போச்சு. நல்ல பழமும் கழிவு விலைக்குத்தான். கட்டுப்படாது என்று திருப்பி ஏற்றினால் அதற்கும் வாடகை. ஒரு வருட உழைப்பு, ஐயா.

3. வட்டார அலுவலகத்தில் "பொறி வையுங்கள்" என்கிறார்கள். வைத்தோமே! ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் 1 மில்லி, பூச்சிக்கொல்லி மாலத்தியான் 1 மில்லி, ஹெக்டேருக்கு 25 இடம் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன கணக்கிலேயே வைத்தோம். அந்தப் பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். முட்டை வைக்கும் பெண் ஈ பக்கத்துத் தோப்பிலிருந்து வேலி தாண்டி வருகிறது. அந்தத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்த வெளியூர்க்காரர்கள் நல்ல காயை மட்டும் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். உதிர்ந்தது, அழுகியது எல்லாம் மரத்தடியில் அப்படியே கிடக்கிறது, கால் வைக்க முடியாத நாற்றம். அந்தப் பழத்திலிருந்து புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் ஈயாகி வெளியே வருகிறது. நாங்கள் தினமும் உதிர்ந்த காயைப் பொறுக்கி இரண்டடிக் குழியில் புதைக்கிறோம். வீட்டுப் பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் பொறுக்குகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஈ வளர்ந்துகொண்டே இருக்கும்போது இந்தப் பாட்டுக்கு என்ன பலன்? குத்தகைக்காரர்களிடம் போய்ச் சொன்னால் "உங்க வேலையைப் பாருங்க" என்று விரட்டுகிறார்கள். அலுவலகத்தில் சொன்னால் "அது தனியார் நிலம்" என்கிறார்கள். அப்புறம் நாங்கள் யாரிடம்தான் போவது? ஈக்கு பட்டா, சர்வே நம்பர் எல்லாம் தெரியுமா ஐயா?

4. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டதற்கும் பழ ஈதான் காரணம். அடுத்த ஆண்டுதான் தடை நீங்கியது. வெளிநாட்டுக்குப் போகிற பழத்துக்கு எடுத்த அக்கறையில் கொஞ்சம் மண்டிக்குப் போகிற பழத்துக்கும் வேண்டும்.

5. நாங்கள் கேட்பது: குத்தகைதாரர்களும் நில உரிமையாளர்களும் உதிர்ந்த காய்களை உடனே அகற்றிப் புதைக்க உத்தரவு. அறுவடை முடிந்ததும் எல்லாத் தோப்பையும் உழ ஏற்பாடு, கூட்டுப்புழு வெயிலில் காய்ந்து சாகும். மானியப் பொறிகளை ஊரில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில், காய் முற்றும் முன்பே கொடுக்க வேண்டும். பறித்து முடித்த பிறகு வருகிற பொறி யாருக்கு?

நீலத்தில் இன்னும் பாதி மரத்தில் இருக்கிறது, ஐயா. இந்த மனுவையும் கீழ் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு முடித்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம். இந்த வாரமே ஒரு அலுவலரை அனுப்புங்கள். அந்தத் தோப்புகளுக்குள் அவரை நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைப் பகுதி மா விவசாயிகள்