ரத்த சுத்திச் சூரணமும் கிரியேட்டினின் 1.2-ம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரு வந்தாலும் அரிப்பு எடுத்தாலும் ‘ரத்தத்தில் அழுக்குச் சேர்ந்துவிட்டது’ என்று ரத்த சுத்திச் சூரணம் கலக்கிக் குடிப்பது நம்மவர்களிடம் நெடுநாள் பழக்கம். தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு வரவழைப்பவர்களும் உண்டு. டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில், அதைக் குடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறோம்.

உயிருள்ள எவருடைய ரத்தத்திலும் கழிவு இருக்கும். அதைச் சுமந்துபோய் உரிய இடத்தில் இறக்குவது ரத்தத்தின் அன்றாட வேலை. கரியமில வாயு பெரும்பாலும் பைகார்பனேட்டாகக் கரைந்து நுரையீரலுக்கு வருகிறது. 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணு உடையும்போது வரும் மஞ்சள் நிற பிலிரூபின் தண்ணீரில் கரையாது; ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு கல்லீரலுக்குப் போய், பித்தநீரோடு குடலில் இறங்குகிறது. மலத்தின் பழுப்பு நிறம் அதனால் வருவதுதான். பித்தக்குழாயைக் கல் அடைத்தால் மலம் வெளிறும், கண் மஞ்சளாகும். பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் உடைந்து வரும் அம்மோனியா மூளைக்கு விஷம். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விட, சிறுநீரகம் வெளியேற்றுகிறது.

அந்தச் சிறுநீரகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவுதான். ஆனால் இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் அங்கே போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகிறது; ஒன்றரை, இரண்டு லிட்டர் போக மிச்சம் முழுவதும் ரத்தத்துக்கே திரும்புகிறது. சர்க்கரையை ஒரு துளி விடாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். யூரியாவிலும் பாதியளவு திரும்பும். தசையிலிருந்து வரும் கிரியேட்டினின் என்ற கழிவு மட்டும் அப்படித் திரும்புவதில்லை. அதனால்தான் டாக்டர்கள் அதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.2 என்றிருந்தால், பக்கத்தில் அச்சிட்ட அளவுக்குள் இருக்கிறதே என்று மடித்து வைத்துவிடுகிறோம். 25 வயது ஆணுக்கு 1.2 என்றால் வடிகட்டும் அளவான இ-ஜி.எஃப்.ஆர். ஏறக்குறைய 86 வரும். 60 வயது அம்மாவுக்கு அதே 1.2 இருந்தால் 52தான். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகவே உற்பத்தியாகும். எனவே ஒரே எண் ஆளுக்கு ஆள் வேறு செய்தி சொல்லும். இ-ஜி.எஃப்.ஆரையும் போட்டுத் தரும்படி லேபில் கேளுங்கள். வயதும் ஆணா பெண்ணா என்பதும் போதும், தனியாக ரத்தம் எடுக்கத் தேவையில்லை.

சூரணத்துக்கு வருவோம். குடித்தது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில்தான் கலக்கிறது. பிறகு அதையும் கல்லீரலும் சிறுநீரகமுமே வெளியேற்ற வேண்டும். சுத்தம் செய்ய அனுப்பியது கூடுதல் சுமையாகிறது. சில பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் இருக்கின்றன. தோல் நோய்க்கு நாட்டு வைத்தியத்தில் சேர்க்கும் ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அமிலம் சிறுநீரகக் குழல்களை நார்போல இறுகச் செய்யும். அந்தச் சேதம் மீளாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த மாத்திரையில் இதே குடும்பத்துச் செடி கலந்துவிட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது.

இதில் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது அரிப்புதான். தடிப்பு எதுவும் இல்லாமல் முதுகும் காலும் இரவெல்லாம் அரிப்பது, முற்றிய சிறுநீரக நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். அதற்குச் சூரணம் குடித்தால் நோய் வளர ஆறு மாதம் இடம் கொடுத்தாயிற்று. அதற்குள், சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது ஏறிவிடலாம். அது அறிகுறி எதுவும் காட்டாமலே இதயத்தை நிறுத்தக்கூடியது. இளநீரும், பொட்டாசியம் சேர்த்த ‘லோ சோடியம்’ உப்பும் அப்போது ஆபத்து. தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவித் தரும் கமரக் எனும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் விட முடியாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயைச் சுருக்கிவிடும். பேக்கரி அடுப்பின் முன்னும் இஸ்திரி மேசையிலும் நாள் முழுக்க வியர்த்து, தண்ணீரும் குறைத்துக் குடித்தவருக்கு அங்கே ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும். பி.பி. மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு அபாயம் இன்னும் கூடும்.

சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இ-ஜி.எஃப்.ஆரோடு சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் நல்லது. 30-க்குக் கீழே இருந்தால் சரி. காய்ச்சலின்போதும் மாதவிலக்கின்போதும் கொடுத்தால் பொய்யாக ஏறும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள, குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில், ‘பிரைட்ஸ் நோய்’ என்ற பழைய பெயரில் சிறுநீரக நோயும் இருக்கிறது. சிறுநீரகத்தைக் குணமாக்கும் என்று வரும் விளம்பரங்களை அச்சேற்றும் முன் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சூரணத்தை ஏற்கெனவே குடித்துவந்தவர்கள் நிறுத்திவிட்டு, பொட்டலத்தை எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை நாள், எத்தனை ஸ்பூன் என்றும் சொல்லுங்கள். ஈயம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் அதற்கென்று தனியாக ரத்தம் கொடுக்க வேண்டும். வழக்கமான பரிசோதனையில் அது தெரியாது.

இப்படிக்கு,
டயாலிசிஸ் டெக்னீஷியன்கள்,
சயான் – தாராவி, மும்பை.