கழி தட்டக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

ஆகஸ்ட் வந்தால் பிலிப்பீன்ஸ் பள்ளிகளில் தேசிய மொழி மாதக் கொண்டாட்டம். மணிலாவில் மகளின் வகுப்புக்கு டினிக்லிங் ஆட்டம் என்று முடிவானது. இரண்டு பேர் மூங்கில் கழிகளைப் பிடித்துத் தாளத்துக்குத் தட்ட, கழிகளுக்கு நடுவே கால் வைத்தும் எடுத்தும் ஆடுவது அது. பெற்றோர் சார்பில் பொறுப்பு என் தலையில் வந்தது. கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

லெய்த்தே தீவின் ஆட்டம் இது. வயலில் உழவர்கள் வைக்கும் மூங்கில் பொறிக்குத் தப்பித் தாவும் டிக்லிங் பறவையைப் பார்த்து உருவானது என்பார்கள். காணொளிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் எல்லாக் கேமராவும் ஆடுபவர் காலையே பார்க்கிறது, கழி தட்டுபவரைச் சரியாகக் காட்டுவதில்லை. பிள்ளைகளின் கணுக்கால் இருப்பதோ அவர் கையில்!

பள்ளி நூலகர் அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. பிரான்சிஸ்கா ரேயெஸ் அக்கினோ எழுதிய ஆட்டக் குறிப்புகளைத் தேடி எடுத்துத் தந்தார். 1920-களிலேயே ஊர் ஊராகப் போய் நாட்டுப்புற ஆட்டங்களைச் சேகரித்தவர் அக்கினோ. 1973-இல் நடனத்துக்கான தேசியக் கலைஞர் விருது பெற்றார். அவர் குறிப்புப்படி டினிக்லிங்குக்கு மூன்று எண்ணிக்கைத் தாளம். ஒன்றுக்குக் கழிகள் ஒன்றோடொன்று மோதும். இரண்டுக்கும் மூன்றுக்கும் விலகி, அடியில் கிடக்கும் கட்டையில் தட்டும். கால் உள்ளே போக வேண்டியது அந்த இரண்டு தட்டில்தான். அமெரிக்கப் பள்ளிகளில் பரவிய நான்கு எண்ணிக்கை முறையும் காணொளிகளில் கலந்து கிடந்ததால்தான் அவ்வளவு குழப்பம்.

கீழ்வீட்டு அக்கா லெய்த்தேக்காரர். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு கோடு போட்டு, பிள்ளைகளை வெறுங்காலோடு அதில் பழக்கிய பிறகே மூங்கிலைத் தொடவிட்டார். கழி பிடித்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் பயிற்சி. கடைசியில் வேகம் கூடும்போது ஆடுபவரைப் பார்க்காதே, பாட்டைக் கேள் என்று அவர் அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. ரொண்டால்லா தந்தி இசைப் பதிவை மெதுவாக்கித் தந்த கல்லூரித் தம்பிக்கும், மூங்கிலைச் சீவி முள் எடுத்துத் தந்த காவலாளி அண்ணனுக்கும் நன்றி. அலுவலகத்து மிசோரம் தோழி தங்கள் ஊர் செராவ் ஆட்டத்தைக் காட்டினார். அதில் கழிகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அதைப் பார்த்த பிறகு நம்முடையது சுலபம் என்று பிள்ளைகளுக்குத் தைரியம் வந்தது.

கழிகளும் கட்டைகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் பெற்றோர் வந்து எடுத்துக்கொள்ளலாம். தாளக் கணக்கை எழுதிய தாளையும் சேர்த்தே தருகிறேன்.