குரங்கணி போகிறவர்கள் கவனத்துக்கு: அவசரப் பை

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு மலையேற்றத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு அவசரப் பை இருக்க வேண்டும். "அவர் கொண்டு வருவார்" என்று விட்டுவிடாதீர்கள். கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோனால் அடுத்தவர் பை உதவாது.

முதலில் விசில். அது பைக்குள் வேண்டாம், கழுத்திலேயே தொங்கட்டும். வழி தவறினால் மேற்கொண்டு நடக்காதீர்கள். நின்ற இடத்திலேயே இருந்து மூன்று முறை ஊதுங்கள், சற்று நிறுத்தி மறுபடி மூன்று முறை. கத்தினால் சீக்கிரமே தொண்டை கட்டிவிடும்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட், 1 லிட்டர் பாக்கெட்டை முழுசாக 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும், கண்ணளவு கூடாது. தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, மழைக்கோட்டு, சுருள் பேண்டேஜ், தினமும் போடும் மாத்திரை.

வெளிநாட்டுப் பட்டியல்களில் லைட்டரும் இருக்கும். நமக்கு வேண்டவே வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் இதே குரங்கணியில் காட்டுத்தீக்கு எத்தனை பேரைப் பறிகொடுத்தோம்! குளிருக்குக் கம்பளிச் சட்டை போதும்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி வந்து, உடனே 108.

சனி மாலைக்குள் பையில் உள்ளதைப் பரப்பிப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். விடுபட்டதைச் சொல்கிறேன்.