‘ஸ்டெப்ஸ்’ என்ற ஒரு சொல்லும் 150 நாள்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஒரு நகரத்தார் ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். எங்கள் பூர்வீக வீட்டின் பாகப்பிரிவினை வழக்கில் நான் வாதி. பிரதிவாதிகள் 18 பேர். சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலுமாகச் சிதறிக் கிடக்கும் இவர்கள், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வந்தால் என்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தாம். வழக்கு பகையால் வந்ததன்று. ஆளுக்கு ஒரு கையெழுத்து வாங்கி முடியாததால் வந்தது.

பல ஆண்டுகளாக வழக்கின் நிலவரம் எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. வாய்தா நாளன்று பேருந்து ஏறிப் போவேன். நீதிமன்றத் தாழ்வாரத்தில் வழக்கறிஞரின் குமாஸ்தா தம் டைரியைப் புரட்டி, அடுத்த தேதியை ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதித் தருவார். அதை வீட்டு நாள்காட்டியில் குத்தி வைப்பேன். சென்ற ஆண்டு என் பேரன் நீதிமன்ற வழக்குகளின் நிலவரம் காட்டும் ‘இ-கோர்ட்ஸ்’ செயலியைக் கைப்பேசியில் இறக்கி, வழக்கின் அடையாளமாக எழுத்தும் இலக்கமுமாய் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் பதிந்து கொடுத்தான். அடுத்த வாய்தா, முந்தைய வாய்தாக்கள், நிலுவையிலுள்ள மனுக்கள் என எல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிட்டன. இது பெரிய வசதி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், எதற்காக வாய்தா என்று காட்டும் கட்டத்தில், தொடர்ந்து மூன்று முறை, ஆங்கிலத்தில் ‘ஸ்டெப்ஸ்’ என்று மட்டும் இருந்தது. வழக்கு படிப்படியாக மேலே ஏறுகிறது போலும் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். வாதியாகிய நான் செய்யவேண்டிய ஏதோ ஒன்று பாக்கி நிற்கிறது, அதற்காகவே நீதிமன்றம் காத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள் என்று பின்னர் தெரிந்தது.

பினாங்கில் இருந்த பிரதிவாதி ஒருவர் காலமாகியிருந்தார். செய்தி எங்களுக்கு அன்றே வந்தது. பங்காளிகள் என்ற முறையில் தீட்டுக் காத்தோம். வாதி என்ற முறையில், அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க 90 நாள்களுக்குள் மனுச் செய்திருக்க வேண்டும் என்பதை நான் அறியவில்லை. அந்தக் கெடு தவறினால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகிறது. அப்படி அற்றுப்போனதை நீக்கக் கோர மேலும் 60 நாள்கள் உண்டு. அதுவும் கடந்த பிறகே விழித்துக்கொண்டதால், தாமதத்தை மன்னிக்க ஒன்று, அற்றுப்போனதை நீக்க ஒன்று, வாரிசுகளைச் சேர்க்க ஒன்று என மூன்று மனுக்களும், மற்ற பிரதிவாதிகளுக்கெல்லாம் நோட்டீஸும் அதை அனுப்பக் கட்டும் பேட்டாவும் தலையில் விழுந்தன. ஒருவர் இறந்ததை வழக்கறிஞரிடம் சொல்லாமல் இருந்தது என் தவறுதான், அதை மறைக்கவில்லை. ஆயினும் அந்தக் கட்டத்தில் ‘இறந்த பிரதிவாதியின் வாரிசுகளைச் சேர்க்க’ என்று தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன்.

1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய வழி செய்யப்பட்டது. தீர்ப்பே தமிழில் வரலாம் என்னும்போது, வாய்தாவின் காரணத்தைச் சொல்லும் இரண்டு சொல் தமிழில் வருவதற்கு என்ன தடை? வழக்குகள் எந்தெந்தக் காரணத்துக்காகத் தள்ளிவைக்கப்படுகின்றன என்பது நீதிமன்ற ஊழியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்; ஒருமுறை தமிழாக்கி வைத்தால் போதும். அதோடு, வழக்குத் தாக்கலாகும்போதே கட்சிக்காரரின் கைப்பேசி எண்ணையும் கேட்டு வாங்கிப் பதிய வேண்டும். என் வழக்கில் பதிவாகியிருந்தது குமாஸ்தாவின் எண். குறுஞ்செய்திகளெல்லாம் அவருக்குத்தான் போயிருக்கின்றன. நூற்றுக்கணக்கான வழக்குக் கட்டுகளைப் பார்க்கும் அவரைக் குறைசொல்லி என்ன பயன்?

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று: செயலியில் பழைய வாய்தாத் தேதியின் மேல் விரலை வைத்தால், அன்று நீதிமன்றத்தில் நடந்தது சுருக்கமாக விரியும். அந்தத் தேதிகள் தொட்டால் திறப்பவை என்பது எனக்கு எட்டு மாதம் கழித்தே தெரிந்தது.

இப்போது என் வழக்கின் கட்டத்தில் ‘நோட்டீஸ்’ என்று இருக்கிறது. அதுவும் ஆங்கிலம்தான்; ஆனால் புரிகிறது.

இப்படிக்கு,
ஒரு வழக்காளி,
காரைக்குடி வட்டம்.