இரு சேஃப்டிகளின் பணி ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரை, தடுப்பணியின் பின்வரிசையில் நிற்கும் சேஃப்டி ஆட்டக்காரர் இருவரையும் ஒரே பணியினராகக் காட்டியிருந்தது. ஸ்ட்ராங் சேஃப்டி பெரும்பாலும் எதிரணியின் டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று, மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) நிற்கும் பக்கத்தில், முன்வரிசைக்குச் சற்று நெருங்கி நின்று, பந்தோடு ஓடி வருபவரை மறித்து வீழ்த்துவதற்கும் அந்த டைட் எண்டைக் காவல் காப்பதற்கும் பொறுப்பானவர். ஃப்ரீ சேஃப்டியோ எல்லாருக்கும் பின்னால், நடுமைதானத்தில் நின்று, பந்தை வீசும் குவாட்டர்பேக்கின் கண் போகும் திசையைக் கணித்து, நெடுந்தூர வீச்சு விழும் இடத்துக்கு முந்தி ஓடுபவர். லீக் ஆட்டங்களில் 64 முறை பந்தை இடைமறித்த ஃப்ரீ சேஃப்டி எட் ரீட் இதற்குச் சான்று. 2014 சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் சியாட்டில் 43-8 என டென்வரை வென்றபோது, அதன் ஸ்ட்ராங் சேஃப்டி கேம் சான்சலர் முன்னும் ஃப்ரீ சேஃப்டி ஏர்ல் தாமஸ் பின்னும் நின்றதை, இங்கே திங்கட்கிழமைக் காலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்த சிலராவது கவனித்திருப்பர். இருவரையும் இடம் மாற்றி நிறுத்தி எதிரணியைக் குழப்பும் இன்றைய வழக்கத்தையும் தங்கள் செய்தியாளர் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு