டிபன் பாக்ஸில் மெழுகுக் கட்டியைக் கொண்டுபோனவன் எழுதும் மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறையின் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். என் அக்காவுக்கு வலப்பக்கப் பெருங்குடலில் வந்த புற்றுநோய் பற்றியும், அதன் திசுச் சோதனைக்காக நாங்கள் அலைந்தது பற்றியும் மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறேன். அதனால் முழுக்கதையை மறுபடி எழுதப் போவதில்லை. போன வாரம் மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. நோயாளிக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்யப்பட்டுவிட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறதாம். இலவசமாக நடந்தது உண்மைதான். நல்லபடியாகவும் நடந்தது. அந்த டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் நான் மனுவில் அறுவை சிகிச்சை கேட்கவே இல்லையே ஐயா.

நான் கேட்டது இதுதான். பெருங்குடல் புற்றுநோய் என்று உறுதியாகும் ஒவ்வொருவரின் திசுவிலும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்று அரசே பார்க்க வேண்டும். எம்எல்எச்1 இல்லை என்று வந்தால், ஏன் இல்லை என்று சொல்லும் அடுத்த சோதனையையும் அரசே செய்ய வேண்டும். முதல் சோதனையோடு நிறுத்திக்கொண்டால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்தவன் நான். பழக்கதோஷம், கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். செல் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுக்கிறது. நகலில் பிழை விழும். அந்தப் பிழைகளைத் திருத்தும் வாத்தியார்கள்தான் இந்த நான்கு புரதங்களும். வாத்தியார் வராவிட்டால் பிழை மேல் பிழை சேர்ந்து, குடலின் உள்சுவரில் முளைத்த சின்ன மொட்டு ஒரு நாள் புற்றாகிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் நூற்றுக்குச் சுமார் 15 இந்த வகை.

எம்எல்எச்1 காணாமல் போவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. அம்மா அப்பாவிடமிருந்தே அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீன் எழுத்துப்பிழையோடு வந்திருக்கலாம். அதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. இன்னொரு வழியில் ஜீனில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. அதன் தொடக்கப் பகுதியில் மீத்தைல் என்ற சின்ன வேதித்துணுக்குகள் வரிசையாக ஒட்டிக்கொள்ள, செல்லால் அந்த ஜீனைப் படிக்க முடியாமல் போகிறது. ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் இருக்கும் அரிசியே கெட்டுப்போவது முதல் வகை. நல்ல அரிசியை உள்ளே வைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கிப் பூட்டுவது இரண்டாவது வகை. வாசலில் பையோடு நிற்பவருக்கு இரண்டிலும் அரிசி கிடைக்காது. அதனால்தான் முதல் சோதனையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன.

இந்தப் பூட்டு வயதாக ஆகக் குடல் செல்களில் ஏறுவது. வயதானவர்களிடம், அதிலும் பெண்களிடம், குடலின் வலப்பக்கத்தில் அதிகம். மிக அரிதான சிலரைத் தவிர, பிள்ளைகளுக்குப் போவதில்லை. எம்எல்எச்1 இல்லாத குடல் கட்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பூட்டு வகைதான். அக்காவுக்கு வயது 68, பெண், கட்டி வலப்பக்கம். பரீட்சையில் கேட்டால் பிள்ளைகள்கூட எழுதிவிடுவார்கள்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. குடல் கட்டிகளில் மீத்தைல் தாறுமாறாகிக் கிடக்கிறது என்று ஃபைன்பெர்க், வோகல்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1983-லேயே எழுதினார்கள். நான் அப்போது காலேஜில். எம்எல்எச்1 இப்படிப் பூட்டப்படுவது 1990களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-ல் சொன்ன வழி இதுதான்: பெருங்குடல் புற்று வந்த எல்லோருக்கும் முதலில் இந்தத் திசுச் சோதனை. எம்எல்எச்1 இல்லையென்றால் பிராஃப் என்ற ஜீனில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறதா என்று பார். இருந்தால் பெரும்பாலும் பரம்பரை இல்லை. அது இல்லையென்றால் மீத்தைலைப் பார். அதற்கும் பிறகுதான் பரம்பரைச் சோதனை. குடும்பத்தைப் பயமுறுத்துவது கடைசிப் படி. எங்களுக்கு அதுவே முதல் படியாகிவிட்டது.

நடந்தது இது. திசுச் சோதனையை வெளியே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பார்த்தோம். மார்கழியில் ரிப்போர்ட் வந்தது. எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டுமே இல்லை. (பிஎம்எஸ்2 அதன் ஜோடி. எம்எல்எச்1 போனால் இது தனியாக நிற்காது.) கீழே ஒரு வரி: 'பரம்பரை லிஞ்ச் நோய்க்குறி உள்ளதா எனப் பார்க்கவும்.' யாராவது விளக்கம் சொல்லட்டும் என்று அக்காவின் மருமகன் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் வரை சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் எங்கள் ரத்தத்திலேயே வியாதி இருப்பது தெரிந்துபோனது. தை மாதம் அக்காவின் பேத்திக்கு நிச்சயம் வைத்திருந்தோம். பையன் வீட்டிலிருந்து வந்தார்கள், காபி குடித்தார்கள், "கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார்கள். பெரிய மகள் பயந்துபோய் வளையலை அடகு வைத்துத் தனியாரில் கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்துகொண்டாள். அக்கா பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த சோதனைக்கு மெழுகுக் கட்டி வேண்டும் என்றார்கள். வெட்டி எடுத்த திசுவை மெழுகில் புதைத்து வைத்திருப்பார்களே, அது. அது இருந்தது அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில். பெயரைப் போட்டு யாரையும் சந்தியில் நிறுத்த நான் வரவில்லை, உங்கள் கோப்பில் இருக்கிறது. முதல் தடவை போனபோது நோயாளியே நேரில் வர வேண்டும் என்றார்கள். கீமோ போட்டு இரண்டாம் நாள், வாடகைக் காரில் அக்காவைக் கூட்டிப்போனேன். கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில். அக்கா மடியில் பாலித்தீன் கவரை விரித்து வைத்துக்கொண்டு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை வாந்தி. மூன்றாம் தடவை, பதிவேட்டு எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒத்துவரவில்லை. நான்காம் தடவை உள்ளூர் விடுமுறை, அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் தடவை கிடைத்தது. 47 நாள்.

கிடைத்தது இவ்வளவுதான்: விரல் அகல வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் மெழுகு, மெழுகுக்குள் பாதி வேர்க்கடலைப் பருப்பு அளவில் பழுப்பாக ஒரு துண்டு. ஓரத்தில் பென்சிலில் எண். "வெயில்ல காட்டாதீங்க சார், எளகிடும்" என்று பஞ்சு வைத்துக் கொடுத்தார் அங்கிருந்த டெக்னீசியன் தம்பி. ஐந்து தடவையில் என்னை உட்காரச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். பங்குனி வெயில். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அதை வைத்து மடியில் இறுக்கிக்கொண்டு ராயக்கோட்டை வழியாக ஓசூர், அங்கே வண்டி மாறிப் பெங்களூர். "என்னண்ணா, பலகாரமா?" என்று கேட்டார் பக்கத்து சீட் அம்மா. ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

சித்திரையில் பதில் வந்தது. மீத்தைல் ஏறியிருக்கிறது, ஷட்டர்தான் பூட்டு, அரிசி கெடவில்லை. இது லிஞ்ச் இல்லை என்றும், இருபத்தைந்து வயதிலிருந்தே வருடா வருடம் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் வேலை பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை என்றும், மகள்களும் மகனும் வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றும் அங்கிருந்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். அந்த ஐந்து நிமிடம் எங்களுக்கு மார்கழியிலேயே கிடைத்திருக்க வேண்டியது. அதற்குள் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது.

இவ்வளவுக்கும் இந்தச் சோதனை குடும்பத்துக்கு மட்டும் உதவுவது அல்ல. இந்த வகைக் கட்டிக்கு எந்த கீமோ பலன் தரும், நோய் பரவியிருந்தால் உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி பொருந்துமா என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகிறது. சிகிச்சையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, எந்தச் சிகிச்சை என்று சொல்லும் சோதனையை வெளியே பார்த்துக்கொள் என்றால் எப்படி?

எழுத எழுத வேறு ஆத்திரமும் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டி தெரிவதற்கு முன் ஒரு வருடம் அக்காவுக்கு ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். 67 வயதுப் பெண்ணுக்கு ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. வலப்பக்கக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல்தான் கசியும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் சின்னச் சோதனை ஒன்று செய்திருந்தால் போதும். தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் முப்பது வயதானால் வாய், மார்பகம், கருப்பைவாய் என்று மூன்று புற்றுநோய்களுக்குப் பார்க்கிறார்கள், குடல் அந்தப் பட்டியலில் இல்லை. குடலைப் பற்றி நம் ஊரில் கவலைப்படுவது சுவர் விளம்பரங்கள்தான். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி போவதற்குள் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று எத்தனை சுவர்! ஆசனவாயில் ரத்தம் வந்தால் மூலம், வராவிட்டால் சோகை. முடிந்தது வைத்தியம்.

"களி தின்ற உடம்புக்குக் குடல் நோயா?" என்று ஊரில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா பியூட்டிரேட் என்ற சின்ன அமிலமாக்குகிறது, அது ஜீன்கள் திறந்து மூடுவதிலேயே கைவைக்கிறது, குடலுக்கு நல்லது என்கிறார்கள். 2023-ல் ரேஷனில் கேழ்வரகு கொடுக்க நீலகிரியோடு நம் மாவட்டத்தைத்தான் முதலில் எடுத்தார்கள், சந்தோஷம். ஆனால் களி தின்றவளுக்கும் 68 வயது வரத்தான் செய்கிறது. இன்னும் சிலர் ஃபுளோரைடு தண்ணீர் என்கிறார்கள். தர்மபுரிக்காரனுக்கு எது வந்தாலும் தண்ணீர்மேல் பழி. ஃபுளோரைடு கெடுத்தது பல்லையும் எலும்பையும். இந்தப் பழியை அதன் தலையில் போட வேண்டாம்.

சரி, இதெல்லாம் வேறு மனுவுக்கு. என் கோரிக்கைக்கு வருகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். என் சுகர் மாத்திரை இன்றும் வாசலுக்கே வருகிறது, அதைக் கொண்டுவரும் பெண் என் மாணவி. மாத்திரை மனிதனைத் தேடி வருகிற இதே ஊரில், பாதி வேர்க்கடலை அளவுத் திசுவைத் தேடி நோயாளி கீமோ முடிந்த உடம்போடு போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மீத்தைல் சோதனைக்கூடம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு இயந்திரமும் ஆளும் வேண்டும், தெரியும். நான்கு புரதச் சோதனையை எல்லோருக்கும் செய்யுங்கள். எம்எல்எச்1 இல்லாதவர்களின் மெழுகுக் கட்டியை வசதி உள்ள ஓர் அரசு ஆய்வகத்துக்கு மருத்துவமனையே அனுப்பட்டும். இரண்டு முடிவும் கையில் வந்த பிறகு, யாராவது ஒருவர் அந்தக் குடும்பத்தை உட்காரவைத்துத் தமிழில் ஐந்து நிமிடம் பேசட்டும். தயவுசெய்து இந்த மனுவையாவது, கேட்டதைப் படித்த பிறகு முடித்து வையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மெழுகுக் கட்டியைப் பதினைந்து நாளில் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று என்னிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இரண்டு முறை கொண்டுபோனேன், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இப்போது என் பீரோவில், நிலப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்தால் ஆள் இருப்பார் என்று மட்டும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அக்காவையும் கூட்டி வர வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்