பராமரிப்பாளர் மாறிக்கொண்டே இருந்தால் குழந்தை யாரை நம்பும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோரை இழந்த, அல்லது பெற்றோர் இருந்தும் ஆதரவற்றுப்போன நகரக் குழந்தைகளைப் பற்றிய பேச்சு, எத்தனை பேருக்குக் காப்பகத்தில் இடம் கிடைத்தது, எத்தனை பேர் பள்ளிக்குப் போகிறார்கள் என்ற கணக்கோடு முடிந்துவிடுகிறது. இரவில் திடுக்கிட்டு விழிக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பவர் யார், அவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. மனநலத்தைப் பொறுத்தவரை அதுதான் முதற்கேள்வி என்பது என் கருத்து.

உலக சுகாதார நிறுவனத்துக்காக பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் எழுதிய அறிக்கையே, அன்பான ஒருவரின் தொடர்ச்சியான அரவணைப்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று கூறிவிட்டது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குச் சென்றவர்களிடமே பாசப்பிணைப்பு நன்கு வேரூன்றியது.

காப்பகத்துக்குள் நுழையும் முன்பின் அறியாதவரின் மடியில் ஓடிவந்து ஏறிக்கொள்ளும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து, எவ்வளவு கலகலப்பான பிள்ளை என்று நாம் பூரித்துப்போகிறோம். யாரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்ளும் அந்த இயல்பு, தனக்கென்று ஒருவர் இல்லாததன் விளைவாகவும் இருக்கலாம். சில வாரங்கள் வந்து கொஞ்சிவிட்டுப் போகும் தன்னார்வலர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை; ஆனால் ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளைக்கு அவர்கள் ஒவ்வொருவரும் இன்னொரு பிரிவைத் தந்துவிட்டே விடைபெறுகிறார்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் துக்கம் எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. காரணம் தெரியாத வயிற்றுவலி, படுக்கையை நனைத்தல், தலையணைக்கடியில் உணவை ஒளித்துவைத்தல், சின்னச் சொல்லுக்கும் கை ஓங்கும் கோபம் என்று அது வரும்போது, நாம் அதற்கு ஒழுங்கீனம் என்று பெயரிட்டுத் தண்டிக்கிறோம். இறந்த தாயை 'வெளியூர் போயிருக்கிறார்' என்று சொல்லி மாதக்கணக்கில் வாசலைப் பார்த்திருக்க வைப்பதும் இத்தகைய கொடுமையே.

காப்பகங்களில் வாழும் குழந்தைகளில் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, உடன்பிறந்தவர்களையும் இயன்றவரை பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. வாடகை அறை மாறும்போதெல்லாம் பள்ளியும் தோழர்களும் மாறிப்போகும் நகர வாழ்வில், பேரப்பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கும் ஒரு பாட்டிக்கு மாதந்தோறும் கைகொடுப்பது, புதிய காப்பகம் கட்டுவதைவிடப் பயனுள்ளது.

காப்பகம் தவிர வேறு வழியில்லாத இடங்களில், அங்கே ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள் கட்டில்களையும் கழிப்பறைகளையும் எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு பராமரிப்பாளரும் எத்தனை ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறார், விலகியவர்கள் ஏன் விலகினார்கள், அவர்களுக்கு என்ன ஊதியம் தரப்பட்டது என்பதையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அந்த விவரங்களைக் கேட்டுப் பெற்று வெளியிடத் தங்கள் நாளிதழும் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்